எல்லா டிஸ்க்கும் ஒண்ணுதான்

வாசகரே, ‘எல்லாம் ஒண்ணுதான்’ ஆசாமியை உங்களுக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும். மிக்ஸி ஜாடியின் மூடி தொலைந்தால் காபித்தூள் டப்பாவின் மூடியை அமுக்கிப் பிடித்துக்கொண்டு அரைப்பவர், மூக்குக் கண்ணாடியை மறந்து வந்துவிட்டால் பக்கத்து இருக்கைக்காரரின் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு செய்தித்தாள் படிப்பவர், படித்துவிட்டு, “எழுத்து ஏன் இப்படி ஆடுது? இவனுங்களுக்கு அச்சடிக்கவே தெரியல” என்று அச்சகத்தைத் திட்டுபவர். புதுப் பொருளோடு வரும் வழிமுறைக் காகிதம், பெட்டிக்குள் சாமான் குலுங்காமல் இருக்க வைத்த அட்டை என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை.

இந்த இனத்தில் நான் நெருங்கிப் பார்த்தவர் ஒரு பல் டாக்டரம்மாவின் அண்ணன். கூடப் பிறந்தவர் இல்லை, பெரியப்பா மகன். ஆனால் உரிமையில் ஒரு குறையும் கிடையாது. கிளினிக்கில் குழாய் ஒழுகினால் அவர் வருவார். அடுத்த நாள் குழாய்க்காரர் வருவார்.

அந்தக் கிளினிக்கின் வரவேற்பு மேஜைக்கு அடியில், செருப்புப் பெட்டியைவிடச் சற்றே பெரிய ஒரு சர்வர் இருந்தது. நான்கு அறைகள், நான்கு ஹார்ட் டிஸ்க்குகள், எட்டு வருஷத்து எக்ஸ்ரே படங்கள். அது நிரம்பிவிட்டது. சர்வரைக் கவனித்துக்கொள்ளும் பொறியாளர் பெண் அந்தப் பெட்டி ஏற்றுக்கொள்ளும் டிஸ்க்குகளின் பட்டியலை அனுப்பி, “இதுல இருக்கிற மாடலா வாங்குங்க டாக்டர். ஒண்ணைக் கழட்டி, புதுசை மாட்டி, அதுல பழைய படமெல்லாம் முழுசா எழுதி முடிச்ச பிறகுதான் அடுத்ததைத் தொடணும். ஞாயித்துக்கிழமை நானே வந்து செய்யறேன்” என்று சொல்லியிருந்தாள்.

தெளிவாகத்தானே சொன்னாள்? அண்ணன் அந்தப் பட்டியலை ஒருமுறை மடித்தார், இன்னொரு முறை மடித்தார், ஆடிக்கொண்டிருந்த நாற்காலியின் காலுக்கு அடியில் வைத்தார்.

“அட போம்மா! டிஸ்க்குன்னா டிஸ்க்குதான். அகலம் சரியா இருக்கு, நீளம் சரியா இருக்கு, அப்புறம் என்ன பட்டியல்? பொண்ணா பாக்கறோம்?”

“வேண்டாம்ணே. ஞாயித்துக்கிழமை அவங்க வரட்டும்.”

“சரி சரி” என்றார். இந்த இனத்தார் ‘சரி’ என்று இரண்டு முறை சொன்னால் கவலைப்பட வேண்டும்.

வியாழக்கிழமை காலை பதினோரு மணி. உள்ளே நாற்காலியில் ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர் ஒருவர் வாயைப் பிளந்துகொண்டு சாய்ந்திருந்தார். கடைவாய்ப் பல்லைப் பிடுங்க மரத்துப்போகும் ஊசி போட்டாகிவிட்டது. பல்லின் வேர் வளைந்து நரம்புக்குப் பக்கத்தில் போகிறது. எந்தப் பக்கம் வளைகிறது என்று படத்தைப் பார்த்துத்தான் கை வைக்க வேண்டும். டாக்டரம்மா திரையைத் திருப்பிய அதே வேளையில், வெளியே அண்ணன் தங்கைக்கு இன்ப அதிர்ச்சி கொடுக்கும் எண்ணத்துடன் முதல் டிஸ்க்கை உருவிவிட்டுத் தான் வாங்கி வந்த புதுசைச் செருகினார்.

உள்ளே கச்சிதமாகப் போனது. சிவப்பு விளக்கு எரிந்தது. பெட்டி பீப் பீப் என்று கத்தியது.

நீங்களும் நானும் என்ன செய்வோம்? பயப்படுவோம். அவர் சிரித்தார். “பாத்தியா, கண்டுபிடிச்சிடுச்சு!” என்று வரவேற்பில் இருந்த அம்மாளிடம் பெருமையாகச் சொன்னார். கத்தல் நிற்காததால், கோளாறு டிஸ்க்கில் இல்லை, அந்த அறையில்தான் என்ற முடிவுக்கு வந்து, அடுத்த அறையில் முயன்று பார்ப்பதற்காக இரண்டாவது டிஸ்க்கையும் உருவினார்.

ஒன்று போனால் தாங்கும் பெட்டி அது. இரண்டு போனால் தாங்காது. உள்ளே திரையில் இருந்த தாடை மறைந்தது.

“அண்ணே!”

அந்த ஒரு சொல்லில் எட்டு வருஷம் இருந்தது. வேறெங்காவது பிரதி இல்லையா என்கிறீர்களா? அதற்கும் சேர்த்துத்தான் பெரிய டிஸ்க் கேட்டிருந்தார் டாக்டரம்மா. புதிதாக ஒரு படம் எடுக்கலாம் என்றால் அதுவும் சர்வருக்குள் போய்த்தான் உட்கார வேண்டும். கையுறையோடு வெளியே ஓடிவந்தவருக்கு முகம் வெளுத்திருந்தது. அவர் பெட்டியைக் குனிந்து பார்ப்பதற்குள் அண்ணன் உள்ளே போய், நோயாளியின் வாய்க்குள் எட்டிப் பார்த்து ஆலோசனையும் சொன்னார்.

“இதுக்குப் படம் எதுக்கு? புடிச்சு மேல இழுத்தா வந்துட்டுப் போகுது. எல்லாப் பல்லும் ஒண்ணுதானே!”

முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர் டப்பென்று வாயை மூடினார்.

பொறியாளர் பெண்ணுக்குப் போன் போனது. “யாரும் எதையும் தொடாதீங்க” என்றாள். அரை மணி நேரத்தில் வந்து சேர்ந்தாள். மேஜை மேல் இரண்டு பழைய டிஸ்க்குகளும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன.

“சார், இதுல முதல் அறையில இருந்தது எது?”

“எதை எங்க போட்டா என்னம்மா? ரெண்டும் ஒரே கம்பெனிதான்.”

அவள் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து, டிஸ்க்கின் மீதிருந்த எண்ணையும் நோட்டிலிருந்த எண்ணையும் விரல் வைத்து ஒப்பிட்டு, அதனதன் அறையில் பழையபடி மாட்டினாள். டாக்டரம்மா நின்றுகொண்டே இருந்தார். உட்காரச் சொன்னதுகூட அவர் காதில் விழவில்லை. மடிக்கணினியில் ஏதேதோ கட்டளைகள் போட்டு, நாற்பது நிமிஷம் கழித்து அவள், “வந்துடுச்சு டாக்டர்” என்றபோதுதான் அவர் கையுறையைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“பழசு மேல புது அமைப்பை எழுதச் சொல்லி ஒரு பட்டன் அமுக்கியிருந்தா, எல்லாம் போயிருக்கும்” என்றாள் அவள்.

“அதைத்தான் அடுத்து அமுக்கறதா இருந்தேன்” என்றார் அண்ணன், தன் திறமையைக் குறைத்து மதிப்பிடுகிறார்களே என்ற வருத்தத்தோடு.

ஓட்டுநருக்கு மரப்பு தெளிந்து, இரண்டாவது ஊசி போட்டு, படத்தைப் பார்த்து, பல் நல்லபடியாக வந்தது. வாயில் பஞ்சோடு வெளியே வந்தவர் அண்ணனைக் கடக்கும்போது சுவரோரமாக ஒதுங்கிப் போனார். ஞாயிற்றுக்கிழமை, பட்டியலில் இருந்த டிஸ்க்குகள் ஒவ்வொன்றாக ஏறின. டாக்டரம்மா சர்வரை ஓர் இரும்பு அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார். அண்ணன் அந்தப் பூட்டை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

“சாவி தொலைஞ்சா கவலைப்படாதம்மா. எல்லாப் பூட்டும் ஒண்ணுதான்.”

சொந்தக்காரர்கள் கூடும்போது இப்போது அவர் இந்தக் கதையை வேறு விதமாகச் சொல்கிறார். அதில் பெட்டி பழசு, டிஸ்க் நல்ல டிஸ்க், ஆபத்து வந்ததும் அமைதியாக இருந்தவர் அவர் ஒருவர்தான். மூன்று வீடுகளிலிருந்து ரிப்பேர் பார்க்க அவருக்கு அழைப்பு வந்திருக்கிறது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இப்படி ஒருவர் நம் வீட்டில் இல்லையே என்று நிம்மதிப் பெருமூச்சுகூட விடலாம். அதற்கு முன்னால் ஒரே ஒரு சந்தேகம். உங்கள் வீட்டு டிவி ரிமோட்டில், சுவர்க் கடிகாரத்திலிருந்து பிடுங்கிப் போட்ட பேட்டரி வெளியே விழாமல் இருக்க, பின்பக்கம் டேப் சுற்றியிருக்கிறதே, அதைச் சுற்றியது யார்?

நீங்கள் சொல்ல வேண்டாம். வீட்டில் இருப்பவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்.