செயலாளர் கட்டிய தோரணம்

பினாங்குத் தீவின் வரலாற்றை எழுத வருகிறவர்கள் எதை விட்டாலும் இரண்டு கட்டுமானங்களை விட முடியாது. ஒன்று, கடலுக்கு மேலே பாலம் கட்டியது. மற்றது, அதற்கு அடுத்த ஆண்டு, அதாவது எண்பத்தாறில், தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பு திரு. ஸ்ரீஸ்கந்தராஜா தம் வீட்டு வாசலில் தோரணம் கட்டியது. பாலத்துக்கு வெளிநாட்டிலிருந்து நிபுணர்கள் வந்தார்கள். தோரணத்துக்கு யாரும் வரவில்லை. கட்டும்போது வரவில்லை என்று சொல்ல வேண்டும். கட்டிய பிறகு வந்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார்கள்.

திரு. ஸ்ரீஸ்கந்தராஜா அரசாங்க அலுவலகமொன்றில் தலைமைக் கிராணி, அதாவது தலைமை எழுத்தர். "ஜார்ஜ்டவுன் இல்ல அலங்காரத் தூய்மைக் குழு"வின் செயலாளரும் அவரே. கடைத்தெருவில் பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம் முழக்கணக்கில் தொங்க ஆரம்பித்த அன்று அவருக்கு நெஞ்சு வலித்தது. டாக்டர் வாயு என்றார். அவர் பண்பாடு என்றார். மறுவாரமே குழு பிறந்துவிட்டது.

குழு என்றால் போட்டி வேண்டும். போட்டி என்றால் விதி வேண்டும். பன்னிரண்டு விதிகளையும் அவரே ஒரே இரவில் எழுதினார். நான்காம் விதி: "குடும்பத் தலைவர் தம் கைப்பட ஓர் அலங்காரப் பொருளையேனும் செய்திருத்தல் வேண்டும்." இது குழுத் தலைவர் கதிர்காமநாதனுக்கு வைத்த வேட்டு. கதிர்காமநாதன் தம் வீட்டில் ஆணி அடிக்கவும் ஆள் வைத்திருப்பவர் என்பது ஊரறிந்த சங்கதி. ஏழாம் விதி: "வெளியார் உதவி, வீட்டார் உதவி, ஆலோசனை, முகக்குறிப்பு, பெருமூச்சு ஆகிய யாவும் மேற்படி விதியின் நோக்கத்துக்கு 'உதவி' எனவே கருதப்படும்."

பெருமூச்சை மட்டும் அவர் தம் மனைவி கமலாம்பிகையை நினைத்துச் சேர்த்தார். அந்த அம்மாள் இருபத்தாறு ஆண்டுகளாக மூச்சை அந்த வகையில்தான் விட்டுக்கொண்டிருந்தார்.

தொடக்க விழாவில் செயலாளர் முழங்கினார்: "என் வீட்டிலேயே நான்காம் விதி நிறைவேறவில்லை என்றால், இந்தப் பதவியை அந்த இடத்திலேயே துறப்பேன்!" சபை கைதட்டியது. எல்லோரும் நிறுத்திய பிறகும் கதிர்காமநாதன் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, "அப்படியானால் நடுவராகிய நான் முதலில் செயலாளர் வீட்டையே பார்க்கிறேனே? வாற ஞாயிறு, காலை பத்து மணி" என்றார்.

வீடு திரும்பும் வழியில்தான் ஸ்ரீஸ்கந்தராஜா தம் இரு கைகளையும் முதன்முறையாகக் கவனித்துப் பார்த்தார். முப்பது ஆண்டுகளில் அவை செய்த வேலைகளை மனத்துக்குள் பட்டியலிட்டார். கையெழுத்து. அப்புறம், ரப்பர் முத்திரை. எழுபத்தொன்றில் ஒரு தடவை பல்பு மாற்றினார். அன்றைக்கு வீட்டில் இருந்த பல்புகள் அனைத்தும் ஓய்வு பெற்றன.

அன்று மாலை வீட்டில் "அவசரக் கூட்டம்" கூட்டப்பட்டது. தலைமை, ஸ்ரீஸ்கந்தராஜா. பார்வையாளர், கமலாம்பிகை. குறிப்பெடுத்தவள் மகள் அருந்ததி. பாலத்துக்கு அக்கரையில், ஜுரு என்ற ஊரில் ஒரு தொழிற்சாலை ஆபீசில் வேலை பார்ப்பவள், தீபாவளிக்கென்று லீவு போட்டு வந்திருந்தாள்.

"அப்பா, மூணு பேரும் கீழ உட்கார்ந்து செஞ்சா ஒரே சாயங்காலத்துல முடிஞ்சிடும்லா," என்றாள் அருந்ததி. "கேசட்ல பாட்டுப் போட்டுக்கிட்டு, அம்மா முறுக்கைச் சாப்பிட்டுக்கிட்டு, பேசிக்கிட்டே..."

"அது பொழுதுபோக்கு. நாம் செய்யப்போவது பண்டிகை."

தீர்மானம் நிறைவேறியது. கோலமும் காகித விளக்கும் பெண்கள் பொறுப்பு. குருத்தோலையில் குருவித் தோரணம், குடும்பத் தலைவரின் தனிப்பொறுப்பு.

குருத்தோலை பக்கத்து வீட்டு ஹபீபா பீவியின் தென்னையிலிருந்து வந்தது. ஓலையை வேலிக்கு மேலாக நீட்டிய ஹபீபா பீவி, அதை ஸ்ரீஸ்கந்தராஜா வாங்கிய தினுசைப் பார்த்தார். குழந்தையை முதன்முதலாக வாங்கும் தகப்பனைப் போல வாங்கினார்.

"அண்ணே, நான் வருஷா வருஷம் ஹரிராயாப் பெருநாளுக்குச் சோறு வேகவைக்கிற கெத்துப்பாட் ஓலைக்கூடு நூறு பின்னுற ஆளு. இப்படிக் குடுங்க, எப்படி மடிக்கிறதுன்னாவது காட்டுறேன்."

"மன்னிக்கணும். காட்டுவது ஆலோசனை. விதி ஏழு."

"பார்த்துக்கிட்டு நிக்கலாமா?"

"முகக்குறிப்பு இல்லாமல் நிற்க முடியுமா உங்களால்?"

ஹபீபா பீவி ஒரு நிமிஷம் முயன்றார். முடியவில்லை. உள்ளே போய்விட்டார்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குத் தொடங்கிய பணி மாலை ஐந்துக்கு முடிந்தது. முதல் குருவி தவளையாகப் பிறந்தது. இரண்டாவது, அலுவலகத்து உறை போல் இருந்தது; அதில் அவருக்கு ரகசியப் பெருமை. பத்தாவதில் ஓலை விரலைக் கிழித்தது. இருபதாவதில் நிஜமாகவே ஒரு குருவி வந்தது. நாற்பத்தொன்று ஆனதும் கயிற்றில் கோத்து, நாற்காலி மேல் ஏறி, தாமே நிலைவாசலில் கட்டினார். நாற்பத்தொரு குருவிகளும் வாலைத் தூக்கி, தலையைக் கீழே தொங்கவிட்டு நின்றன. என்ன பணிவு! தலை நிமிர்ந்த குருவியைக் கட்டி ஆணவத்தைக் காட்டுகிறவர்களை நினைத்து அவர் பரிதாபப்பட்டார்.

வாசலுக்கு வந்த கமலாம்பிகை மேலே பார்த்தார். கையிலிருந்த அரிசிமாச் சட்டி கொஞ்சம் சரிந்தது.

"இஞ்சருங்கோ, இந்தக் குருவியள்..."

"நிப்பாட்டும்! விதி ஏழு."

"நான் உதவி செய்ய வரேல்லை. ஒரு சொல்லு..."

"சொல்லும் உதவிதான். என் பதவியைப் பறிக்கப் பார்க்கிறீரா?"

கமலாம்பிகை வாயை மூடிக்கொண்டார். பெருமூச்சு வந்தது, அதையும் பாதியில் விழுங்கினார். அருந்ததி இருமினாள். "முகக்குறிப்பு," என்றார் அப்பா. அவள் தலையைக் குனிந்து குறிப்பேட்டில் என்னவோ எழுதினாள்.

ஞாயிறு காலை ஒன்பதரை. ஸ்ரீஸ்கந்தராஜா குளித்து, விபூதி பூசி, வெள்ளை வேட்டி கட்டி, மாடியறையில் ஏற்புரையை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். பழைய பலகை வீடு. கீழே ஊசி விழுந்தால் மேலே கேட்கும். எதிர்வீட்டுச் சின்னையாவின் குரல் கேட்டது. சின்னையா ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தெருவில் எந்த வீட்டில் என்ன நடந்தாலும் பந்தல் போட முதல் ஆளாக நிற்பவர்.

"அக்கா... ஐயா?" குரல் கம்மியிருந்தது.

"ஐயாவா? மேல போயிட்டாருண்ணே." கமலாம்பிகை அடுக்களைக்குள் யாழ்ப்பாணத் தமிழும் வாசலில் பினாங்குத் தமிழும் பேசுவார்.

"எப்பக்கா?"

"இப்பதான், ஒரு அரை மணி இருக்கும்."

"ரொம்பக் கஷ்டப்பட்டாரா?"

"நேத்து முழுக்கக் கஷ்டந்தான். கையெல்லாம் நடுங்கிச்சு. எங்க யாரையும் கிட்ட வர விடலியே."

"கடைசி வரைக்கும் அப்படியேதானா?"

"அவரு மாறுவாரா? இருங்கண்ணே, முறுக்குச் சுட்டிருக்கேன். சூடா ரெண்டு சாப்பிட்டுப் போங்க."

சின்னையா தேம்புகிற ஓசை கேட்டது. மாடியில் செயலாளர் நெகிழ்ந்துபோனார். தாம் பட்ட பாட்டை மனைவி ஊருக்கு எடுத்துச் சொல்கிறாள். ஒரு தோரணத்தைப் பார்த்து ஒரு முரட்டு மனிதன் அழுகிறான்! அப்பாவி சின்னையாவிடம்கூட இவ்வளவு கலையுணர்ச்சியா?

அடுக்களையில் தாயும் மகளும் அடுத்த ஈடு முறுக்குப் பொரித்துக்கொண்டிருக்க, அரை மணி நேரத்தில் வாசலில் சலசலப்பு. ஜன்னல் இடுக்கால் எட்டிப் பார்த்தார். முப்பது பேராவது இருப்பார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, தோரணத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பதும் தலை குனிவதுமாக நின்றார்கள். ஹபீபா பீவி ஒரு பெரிய சட்டி நிறையச் சோறும் குழம்பும் கொண்டுவந்திருந்தார். பக்கத்து வீடுகள் விருந்தே வைக்கின்றன!

"இப்படி ஒரு மனுசன் இனிமே ஏது?" என்றது ஒரு குரல்.

செயலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"போன வாரங்கூட என்கிட்ட ஒரு மணி நேரம் பேசினாரு. நாந்தான் இடையில தூங்கிட்டேன்."

செயலாளர் இதைக் காதில் வாங்கவில்லை.

"பாவம்தான். ஆனா இனிமே மீட்டிங் சீக்கிரம் முடியும்லா."

இது மட்டும் அவருக்குச் சரியாக விளங்கவில்லை. விளங்கிக்கொள்வதற்குள் கதிர்காமநாதனின் கார் வந்து நின்றது. பின்னிருக்கையிலிருந்து இரண்டு பேர் வண்டிச் சக்கரம் அளவுக்கு ஒரு மலர் வளையத்தை இறக்கினார்கள். மதிப்பெண் போடும் முன்பே மாலையா! அவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு படியிறங்கினார்.

கீழே கூடத்தில் கதிர்காமநாதன் பேசத் தொடங்கியிருந்தார். "அன்பர்களே, நமது செயலாளருக்கும் எனக்கும் கருத்து வேறுபாடுகள் இருந்தது உண்மை. இனி இராது. அவர் இந்தக் குழுவுக்குச் செய்த ஆகப் பெரிய சேவை..."

"மிக்க நன்றி," என்றார் ஸ்ரீஸ்கந்தராஜா, படியில் நின்று, கைகூப்பி, வெள்ளை வேட்டியில்.

பத்துப் பேர் அலறினார்கள். சின்னையாவின் வாயிலிருந்த முறுக்கு வெளியே வந்தது. கதிர்காமநாதன் வளையத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். அந்த வளையத்தின் குறுக்கே ஊதா நாடா ஓடியது. "எங்கள் செயலாளருக்குக் கண்ணீர் அஞ்சலி" என்று அதில் தங்க எழுத்து.

செயலாளர் நாடாவைப் படித்தார். பூவைத் தொட்டார். அவருடைய முகம் சிவந்தது.

"பிளாஸ்டிக்!" என்று கத்தினார். "எனக்குப் பிளாஸ்டிக் பூவா?"

"அவசரத்துக்கு இதுதான் கிடைச்சுது, ஸ்ரீ," என்றது வளையத்துக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். "நீர் இப்படித் திரும்பி வந்து சோதிப்பீர் என்று நான் கண்டேனா?"

"நான் எங்கே போனேன், திரும்பி வர? யார் சொன்னது நான் போனேன் என்று?"

"நாந்தாய்யா போன் போட்டேன்," என்றார் சின்னையா. "வாசல்ல இழவுத் தோரணம் தொங்குது. அக்கா மேல போயிட்டாருங்குது. நான் என்னத்த நினைக்க?"

"இழவுத் தோரணமா?"

"குருவியப் பாருங்கய்யா! நல்ல காரியம்னா தலை மேல இருக்கணும். தலைகீழாத் தொங்கவிட்டா சாவு வீடு. நாப்பத்தொண்ணையும் தொங்கவிட்டிருக்கீங்களே! நானும் இத்தனை வருஷத்துல இவ்வளவு பெரிய சாவைப் பார்த்ததே இல்ல."

ஹபீபா பீவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

ஸ்ரீஸ்கந்தராஜா மனைவி பக்கம் திரும்பினார். "கமலம், உமக்கு இது தெரியுமா?"

"தெரியும்."

"பிறகேன் சொல்லவில்லை?"

கமலாம்பிகை மகளுக்குச் சைகை காட்டினார். அருந்ததி குறிப்பேட்டைப் புரட்டி, கூட்டத்தில் வாசிக்கும் குரலில் வாசித்தாள்: "சனிக்கிழமை, மாலை ஐந்து பத்து. பார்வையாளர் ஒரு சொல் சொல்ல அனுமதி கோரினார். விதி ஏழு சுட்டிக்காட்டப்பட்டு மறுக்கப்பட்டது. பார்வையாளர் முறுக்குச் சுடச் சென்றார்."

வந்த கூட்டம் வீணாகவில்லை. ஹபீபா பீவியின் சோற்றையும் கமலாம்பிகையின் முறுக்கையும் எல்லோரும் கூடத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அருந்ததி பாட்டுப் போட்டாள். இரண்டு பெண்கள் கமலாம்பிகையோடு வாசலில் குந்தி, பாதியில் நின்ற கோலத்தை முடித்தார்கள். அந்த வீட்டில் பல ஆண்டுகளாக இவ்வளவு பேர் சிரித்ததில்லை என்று சின்னையா சொன்னார். செயலாளர் மட்டும் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்து கதிர்காமநாதனின் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பதவி அந்தப் பேனா முனையில் இருந்தது.

கதிர்காமநாதன் நிதானமாக எழுதி முடித்து, தாளை நீட்டினார். நான்காம் விதி: முழு மதிப்பெண். பதவிக்குப் பாதகமில்லை. கீழே "நடுவர் குறிப்பு" என்று தலைப்பிட்டு ஒரே வாக்கியம்:

"இத்தோரணம் குடும்பத் தலைவரின் சொந்தக் கைவேலையே என்பதில் எள்ளளவும் ஐயமில்லை; இவ்வீட்டில் இன்னொருவராவது வாய் திறக்க அனுமதிக்கப்பட்டிருந்தால் இது இப்படி வந்திராது."

ஸ்ரீஸ்கந்தராஜா அதை இருமுறை படித்து மகிழ்ந்தார். எல்லோரும் போன பிறகு, கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவதற்கு முன், மூன்றாம் முறை படித்தார். முகம் மெல்ல மாறியது.

"கமலம்," என்றார், "இது பாராட்டுத்தானே?"

கமலாம்பிகை அவரைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், வாசலில் தலைகீழாகத் தொங்கிய நாற்பத்தொன்றையும் பார்த்தார். வாயை மட்டும் திறக்கவில்லை. விதி ஏழு இன்னும் அமலில் இருந்தது.