கோவா ஏற்ற வந்த ஆமி லொறி

பர்ஹான் ஹோன் அடித்ததுதான் தாமதம், தோட்டத் தொழிலாளர் லயத்து வாசலில் நின்ற சனமெல்லாம் பின்பக்கமாக ஓடி மறைந்தது.

"இண்டைக்கும் பயந்துட்டாங்களே!" என்று தலையில் கைவைத்தவர், அவர்களை மேலும் மிரட்ட வேண்டாமென்று அவசரமாக லொறியைத் திருப்பினார்.

இராணுவம் விற்றபோது ஏலத்தில் எடுத்த பழைய ஆமி லொறி அது. மனைவி ஷஹீலா மவுத்தான பிறகு ஹாலிஎல துணிக்கடையில் அவரால் உட்கார முடியவில்லை. துணி அளக்கும் மேசைக்குப் பின்னால் அவள் உட்காரும் கதிரை இருந்தது. கடையை மூடிவிட்டு, அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டங்களில் கோவா என்னும் முட்டைக்கோஸ் வாங்கி விற்கப் புறப்பட்டார். கோவா உருண்டையாக இருக்கும் என்பதைத் தவிர அந்த வியாபாரத்தில் அவருக்கு ஒன்றும் தெரியாது.

"வாப்பா, இந்தக் கிழமையும் லொறி சும்மா வந்தா, அத வித்துட்டு கொழும்புக்கு எங்களோட வந்துடணும்," என்று மகள் றின்ஸா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அவள் வீடு எட்டாம் மாடியில். அங்கே பூச்செடிகூடப் பிளாஸ்டிக்.

ஆமிப் பச்சைதான் சனத்தை விரட்டுகிறது என்று முடிவுகட்டி, லொறிக்கு மஞ்சள் பூசினார். பெரகல சந்தியில் தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால், பின்னால் குப்பைப் பைகள் குவிந்து கிடந்தன.

"குப்பை லொறி நேத்தே வரவேணாமா? நாறுது!" என்று கடைக்காரர் ஒருவர் ஏசினார்.

தோட்டத்தில் மஞ்சளைக் கண்டும் ஓடினார்கள்.

பாட்டுப் போட்டால் பயம் தெளியும் என்று ஸ்பீக்கர் பூட்டினார். பாண் விற்கும் பேக்கரி ஆட்டோதான் பாட்டோடு வரும் என்பது, பிள்ளைகள் தட்டோடு வந்து நின்றபோதுதான் நினைவுக்கு வந்தது.

"பணிஸ் இருக்கா?"

"இல்ல மகன், கோவா வாங்க வந்தேன்."

"அப்ப பாட்டு எதுக்கு?"

பெரியவர்களோ முன்னைவிட வேகமாக ஓடினார்கள்.

திரும்பும் வழியில் வழக்கம்போல் கோவா வியாபாரி ஜஸீலின் சின்ன லொறி எதிரே ஏறி வந்தது. பின்னேரம் அது நிறையக் கோவாவோடு இறங்கும்.

"நல்ல லொறி நானா! விட்டுடாதீங்க, நாளைக்கும் வாங்க!" என்று ஜஸீல் மனதாரச் சொல்லிவிட்டுப் போனார்.

கிழமையின் கடைசி நாள் ஹோன் அடித்தார். ஓடினார்கள். திருப்பும்போது எஞ்சின் நின்றுவிட்டது. சாவியை எவ்வளவு முறுக்கியும் அசையவில்லை. எட்டாம் மாடியை நினைத்தபடி ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்தார்.

கொஞ்ச நேரத்தில் காலடிச் சத்தம். லயத்துக் கருப்பம்மா முன்னால் வர, வரிசையாகத் தலைகளில் மூட்டைகள்.

"பயம் தெளிஞ்சிட்டுதா, தங்கச்சி?"

"என்னாத்துக்குப் பயம்? ஹோன் சத்தம் கேட்டா ஓடிப்போய்க் கோவா வெட்டுவோம். மூட்ட கட்டித் தூக்கிட்டு வரணும்ல?"

பர்ஹான் குதித்திறங்கி, லொறியின் பின்கதவைப் படாரென்று திறந்தார். "அல்ஹம்துலில்லாஹ்! போடுங்க, எல்லாத்தையும் போடுங்க!"

கருப்பம்மா மூட்டையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"ஒங்களுக்கு எதுக்குங்க? நீங்க ஜஸீல் மொதலாளி வர்றாருன்னு ஹோன் அடிச்சிட்டுப் போற ஆளுதானே?"