ஞாயிற்றுக்கிழமை ஈரம்

வவாவுத் தீவு,
நவம்பர் 14, வெள்ளிக்கிழமை.

பெருமதிப்பிற்குரிய ஹெபிசிபா அத்தை அவர்களின் திருமுன்பு, தங்கள் தம்பி மகன் சலேசி தலை தாழ்த்தி எழுதிக்கொள்வது:

கடந்த செவ்வாய்க்கிழமை நம் ஊர் தேவாலய நிர்வாகக் குழு, மூன்று அமர்வுகளும் பதினொரு சுற்றுக் கவா பானமும் முடிந்த பிறகு, தாங்கள் ஆக்லாந்திலிருந்து அன்புடன் அனுப்பிய ஒலிபரப்புப் பெட்டிக்கு ஊதா நிற வெல்வெட்டில் உறை தைப்பது என்று முடிவு செய்திருக்கிறது. உறைக்குக் குஞ்சம் வைப்பது பற்றி வாக்கெடுப்பு நடந்தது. ஒன்பது பேர் வேண்டும் என்றும் எட்டுப் பேர் வேண்டாம் என்றும் சொன்னார்கள். தோற்ற எட்டுப் பேரில் இருவர் இன்னும் மற்றவர்களுடன் பேசுவதில்லை. நானும் ஒரு தீர்மானம் கொண்டுவந்தேன். பெட்டிக்குத் தகரத்தில் உறை போடலாம் என்று. ‘தகரம்’ என்ற சொல்லை ‘வெல்வெட்’ என்று திருத்தி அதை ஏகமனதாக நிறைவேற்றினார்கள். தகர உறை போட்டால் பெட்டிக்குள்ளிருந்து எதுவும் வெளியே போகாது என்பதை நான் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

இங்கு அனைவரும் நலம். என் மனைவி லூப்பேயின் தோள் ஆறி வருகிறது. அந்த விவரம் கீழே வரும். தங்கள் இடுப்பு எலும்பு கூடிவிட்டதா, அந்த ஊர்க் குளிரில் தூக்கம் வருகிறதா என்று ஜெப வேளையில் தவறாமல் விசாரிக்கிறார்கள். தூக்கம் வரவில்லை என்று நான்தான் சொல்லி வருகிறேன்.

அத்தை, என் வேலை என்ன என்று ஒருமுறை கேட்டீர்கள். வானத்தைப் பார்ப்பது என்றேன். “அதுக்கா சம்பளம் குடுக்கறாங்க?” என்றீர்கள். அன்று சொல்ல வேண்டியதை இன்று சொல்லிவிடுகிறேன். காற்றில் இருக்கும் நீராவி சும்மா இருப்பதில்லை. நம் காதுக்கு எட்டாத ரேடியோ அலையில், மிக மெல்லிய ஒரு முனகல் முனகிக்கொண்டே இருக்கிறது. மேலே சுற்றும் வானிலை விண்கோள் தானாக எதுவும் பேசாமல் அந்த முனகலைக் காது கொடுத்துக் கேட்டு, எந்த ஊருக்கு மேலே எவ்வளவு ஈரம் என்று கணக்குச் சொல்கிறது. அதை வைத்துத்தான் நாளைக்கு மழையா வெயிலா என்று நான் எழுதுகிறேன். அந்த முனகலுக்கு ஓர் அலைவரிசை உண்டு. அதை எந்த அமைச்சகமும் ஒதுக்கவில்லை, நீராவியே தேர்ந்தெடுத்துக்கொண்டது. கொஞ்சம் தள்ளிப் போய் முனகு என்று அதனிடம் மனு கொடுக்க முடியாது. ஆகையால் உலக நாடுகள் கூடி, அந்த இடத்தில் மனிதர் யாரும் வாய் திறக்கக் கூடாது என்று சட்டம் போட்டிருக்கின்றன.

தாங்கள் அனுப்பிய பெட்டியின் அலைவரிசை அந்த இடத்துக்குப் பக்கத்து வீட்டில் குடியிருக்கிறது. வேலியைத் தாண்டிப் பேசுகிறது. தேவாலயம் பள்ளத்தில், இணைய இணைப்பு மேட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் வீட்டில். ஆகவே மணிக்கூண்டிலிருந்து பெட்டி அண்ணாந்து பார்த்தபடி பாடல்களை மேட்டுக்கு அனுப்புகிறது. அங்கிருந்து அவை இணையம் வழியே தங்களுக்கு வருகின்றன. மேட்டுக்கு மேலே வானம். ஞாயிறு காலை பத்து இருபதுக்கு விண்கோள் அந்த வழியாகத்தான் போகிறது.

செப்டம்பரில் கடல் கடந்த மையத்திலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. அங்கேதான் எல்லா விண்கோள்களின் கணக்கையும் கூட்டிக் கழிக்கிறார்கள். “உங்கள் தீவின் மேல் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும், காலை பத்து முதல் பன்னிரண்டு வரை, மிகுந்த ஈரப்பதம் தெரிகிறது. உள்ளூர்க் காரணம் ஏதேனும் உண்டா?” என்று மரியாதையாகக் கேட்டிருந்தார்கள். உள்ளூர்க் காரணம் தங்கள் விருப்பப் பாடலின் நான்காவது சரணத்தில் இருந்தபோது, கீழ்க்குரல் வரிசையில் நின்று நானே அதைப் பாடிக்கொண்டிருந்தேன்.

போதகர் மனாசேயிடம் போனேன். அவர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மூன்றாவது முறையும் படித்தார்.

“சலேசி, அப்போ நம்ம பாட்டு மேல வரைக்கும் போகுது?”

“போகுது ஐயா. அதான் பிரச்சனை.”

“எவ்வளவு உயரம்?”

“எண்ணூறு கிலோமீட்டருக்கு மேல இருக்கும்.”

“கர்த்தருக்கு ஸ்தோத்திரம்! முப்பது வருஷமா இதே கூரையைப் பார்த்துப் பாடறோம். இப்பத்தான் ஒரு ரசீது வந்திருக்கு.”

அது ரசீது அல்ல, புகார் என்று விளக்கினேன். கடைசியில் எனக்குத் தெரிந்த வழியில் சொல்லிப் பார்த்தேன். “ஐயா, நமக்கு எப்படி ஞாயிறோ, அப்படி ரேடியோவுக்கு அந்த இடம். அங்க யாரும் வேலை செய்யக் கூடாது.”

போதகர் நெடுநேரம் யோசித்தார். எனக்கு நம்பிக்கை பிறந்தது.

“பாட்டு வேலையில்லையே, தம்பி” என்றார்.

அடுத்த வாரப் பிரசங்கத்தில் அந்தக் கடிதம் வாசிக்கப்பட்டது. ‘உள்ளூர்க் காரணம்’ என்ற இடத்தில் பலர் அழுதார்கள். பாடகர் குழுவுக்கு அன்று முதல் ஒரு தெம்பு வந்து, ஆராதனை இருபது நிமிடம் நீண்டுவிட்டது.

வேறு வழியின்றித் தலைநகருக்கு எழுதி, அலைவரிசை ஆய்வாளரை வரவழைத்தேன். ஃபினாவ் என்று பெயர். நல்ல மனிதர், நல்ல கருவி, இரண்டும் ஒரே எடை. சனிக்கிழமை வந்து இறங்கினார். அன்று பெட்டி ஓடவில்லை. மறுநாள் காலை கருவியோடு வருவார் என்று நான் வாசலில் காத்திருந்தேன். அவர் ஆராதனைக்குப் போகும் வழக்கப்படி இடுப்பில் பாய் சுற்றி, கையில் பாட்டுப் புத்தகத்தோடு வந்தார்.

“கருவி எங்கே?”

“அண்ணே, இன்னைக்கு ஞாயிறு. நான் வேலை செஞ்சா சட்டப்படி என்னையே பிடிச்சு உள்ள போடுவாங்க.”

“நான் வேலை செய்யறேனே?”

“உங்களுக்கு விலக்கு இருக்கு. ரொட்டிக்கடைக்கு விலக்கு இருக்கு. எனக்கு இல்லை. வேணும்னா கோரிக்கை போடுங்க, நாடாளுமன்றம் ஜூன்ல கூடும்.”

ஞாயிறு வேலை செய்தால் குற்றம் அவர்மீது. மற்ற நாள் வேலை செய்தால் பெட்டிமீது குற்றமே இல்லை. அவர் தங்கள் பெட்டிக்கு நேர் கீழே மூன்றாவது வரிசையில் அமர்ந்து, நல்ல குரலில் பாடினார். மதியம் மண் அடுப்பு திறந்ததும், சேம்பு இலையில் தேங்காய்ப் பால் ஊற்றிக் கட்டிய பொட்டலங்களில் ஐந்தைத் தின்றுவிட்டு, என் வீட்டுக் கூடத்திலேயே மாலைவரை படுத்துறங்கினார். திங்கட்கிழமை காலை ஊர் முழுவதும் கருவியைச் சுமந்து நடந்தார். அறிக்கையில் “இடையூறு எதுவும் காணப்படவில்லை” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, பிரதி ஒன்று எனக்கும் ஒன்று கடல் கடந்த மையத்துக்கும் அனுப்பினார்.

அக்டோபரில் மூன்று ஞாயிறு தொடர்ந்து விண்கோள் பெரும் ஈரம் என்றது. மூன்று முறையும் நான் திங்கட்கிழமைக்குக் கனமழை, படகுகள் போக வேண்டாம் என்று எழுதினேன். மூன்று திங்களும் கடல் எண்ணெய் தடவிய மாதிரி இருந்தது. தாங்கள் அறிவீர்கள், லூப்பே வெளித்தீவுப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறாள். திங்கள் விடிகாலை படகில் போனால் வெள்ளிதான் திரும்புவாள். அந்தப் படகை ஓட்டும் சோசையா மூன்றாவது திங்கள் என் அலுவலக வாசலுக்கு வந்து, குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றான்.

“மழைக்காரரே, நனையாம இருக்கீங்களா?”

“போடா.”

“இல்ல, கேக்கறேன். நாலு கோழி, ஒரு கொதிகலன், ஒரு வாத்தியாரம்மா, எல்லாம் கரையில நிக்குது. உங்க மழை எந்தப் பக்கம் வருதுன்னு சொன்னா அந்தப் பக்கமாவது போய்ப் பார்த்துட்டு வருவேன்.”

லூப்பே வீட்டில், “ஏங்க, நாளைக்குப் பசங்களுக்கு என்ன சொல்லட்டும்? டீச்சர் வரலை, வீட்டுக்காரருக்கு மழை பெஞ்சுதுன்னா?” என்று மட்டும் கேட்டாள்.

நான்காவது ஞாயிறும் அதே ஈரம். இம்முறை நான் புத்திசாலியாகிவிட்டேன். இது பாட்டு என்று கழித்தேன். பாட்டைக் கழித்தபின் மிஞ்சுவது நல்ல வானிலை. அதை எழுதிக் கையொப்பமிட்டு ஒட்டினேன். நவம்பர் மூன்றாம் தேதி விடிகாலை ஆறு மணிக்கு லூப்பே படகேறினாள்.

அன்று வந்தது பாட்டு இல்லை, அத்தை.

ஆறே முக்காலுக்குத் தெற்கே வானம் கறுத்தது. படகு பாதி வழியில் இருந்தது. அலை ஏறி எந்திரம் நின்றுபோய், துடுப்பும் கிடைக்காமல், கோழிக்கூடைப் பலகையால் துழாவிக்கொண்டு பவளத்திட்டு ஒன்றில் ஒதுங்கினார்கள். எட்டு மணி நேரம். உயிர்ச்சேதம் இல்லை, கோழிகளைச் சேர்த்தால் நான்கு. லூப்பேயின் தோள் விலகியிருந்தது. விடைத்தாள்களை வயிற்றோடு கட்டிப் பிடித்திருந்தாள். அந்த எட்டு மணி நேரமும் நான் அலுவலகத்தில் என் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேறு செய்ய எதுவும் இல்லை. வானொலியில் கூப்பிட்டேன், பதில் வரவில்லை. பிறகு மறுபடி கூப்பிட்டேன்.

கரையில் இறங்கியதும் அவள் கேட்டது ஒன்றுதான். “உங்களுக்குத் தெரியலையா?”

தெரியவில்லை, அத்தை. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குப் பாட்டுக்கும் மழைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. புயல் மாதங்கள் தொடங்கிவிட்டன. லூப்பே வரும் திங்கள், பதினேழாம் தேதி, மறுபடியும் வேலைக்குப் போகிறாள். விடுமுறையை நீட்டச் சொன்னேன். ஆண்டுத் தேர்வு என்றாள்.

பெட்டியை யார் நிறுத்துவது? போதகரிடம் கேட்டால், அது சலேசியின் அத்தை கொடுத்தது, சலேசி குடும்பம்தான் சொல்ல வேண்டும் என்கிறார். குடும்பத்தில் கேட்டால், அப்பா எழுந்து நின்று, “அக்கா குடுத்ததை நான் அணைக்கறதா?” என்று கேட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பெயர் வைத்தவர் தாங்கள். என் மகளுக்குப் பெயர் வைத்தவரும் தாங்கள். என் கல்யாணத்துக்குச் சீராக வந்த பாய்களில் பாதியை விருப்பப்படி எடுத்துக்கொண்டு போனவரும் தாங்களே. நம் வழக்கத்தில் குடும்பத்துக்கே மேல் அப்பாவின் அக்காதான்; அது தங்கள் உரிமை, குறையாகச் சொல்லவில்லை. அப்பாவின் அக்கா கொடுத்ததை அப்பாவின் மகன் பிடுங்கினான் என்ற பேச்சு இந்தத் தீவுக்கூட்டத்தில் எந்தச் சாவு வீட்டிலும் என்னை உட்கார விடாது.

ஆகவே நான் கேட்பது சிறியது. பாட்டு நிற்க வேண்டாம். வேறு அலைவரிசையில், யாருக்கும் தொந்தரவில்லாத இடத்தில் பேசும் பெட்டிகள் இருக்கின்றன. ஒன்றை நானே வாங்கி வைத்திருக்கிறேன். வீட்டில் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. அதைத் தங்கள் பெயரிலேயே, தங்கள் வெல்வெட்டுக்குள்ளேயே வைக்கலாம். குஞ்சமும் இருக்கட்டும். “மாற்றிக்கொள்” என்று தாங்கள் ஒரு வார்த்தை போதகருக்குத் தொலைபேசியில் சொன்னால் போதும். தாங்கள் சொல்லி இந்த ஊரில் நடக்காதது எதுவும் இல்லை.

தங்கள் இடுப்பில் வலி தீரவும், தங்கள் தோட்டத்து மரவள்ளி அந்தக் குளிரிலும் பிழைக்கவும், என் தாமதத்தைத் தாங்கள் பொறுக்கவும் வேண்டி, அப்பா, லூப்பே, பிள்ளைகள், மற்றும் அக்டோபர் மாதம் முழுவதும் நனையாதிருந்த படகோட்டிகள் அனைவரின் வணக்கத்துடன்,

என்றும் தங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட,
சலேசி

பின்குறிப்பு (சனிக்கிழமை): தபால் நிலையம் மூடியிருந்ததால் கடிதம் இன்னும் என் கையில்தான் இருக்கிறது. தாங்கள் அனுப்பிய பீப்பாய் இன்று காலைக் கப்பலில் வந்தது. மாட்டிறைச்சி டப்பாக்களுக்கும் போர்வைகளுக்கும் நடுவே இரண்டாவது பெட்டியையும் கண்டோம். முதலாவதைவிடப் பெரியது, அதே இனம், அதே அலைவரிசை. தங்கள் சீட்டையும் அப்பா எல்லாருக்கும் வாசித்தார். விண்கோளுக்கே நம் பாட்டு கேட்கிறது என்று போதகர் தொலைபேசியில் சொன்னதையும், கீழ்க்குரலில் என் குரலை மட்டும் தாங்கள் தனியாகக் கண்டுபிடித்ததையும், அறுவைக்குப் பிறகு அன்றுதான் மாத்திரை இல்லாமல் தூங்கியதையும் எழுதியிருந்தீர்கள். இனி குரலோடு முகமும் தெரிய வேண்டும், பெட்டியைச் சலேசி கையால்தான் மணிக்கூண்டில் ஏற்ற வேண்டும் என்றும் கேட்டிருந்தீர்கள். ஏற்றிவிட்டேன். மேலே எழுதியதைத் தயவுசெய்து எழுதாததாகக் கொள்ளவும். நாளை நான் இரண்டாவது வரிசையில் இடமிருந்து நான்காவதாக நிற்பேன். வெல்வெட் இரண்டு உறைக்கும் போதுமானதாக இருந்தது.

கடல் கடந்த மையத்தின் பதிலும் அதே கப்பலில் வந்தது. ஆய்வாளர் அறிக்கையின்படி உள்ளூர்க் காரணம் எதுவும் இல்லாததால், எங்கள் தீவின் ஞாயிற்றுக்கிழமை அளவீடுகளை இனிக் கணக்கில் சேர்ப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறார்கள். லூப்பேயின் படகு திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு.