செல்லோம், ஏற்றோம்!

மேடையில் பேசத் தெரியாதவனால் ஊருக்குக் கெடுதல் வந்ததே இல்லை. தனக்குப் பேசத் தெரியும் என்று நம்புகிறவனால்தான் வரும். ஐரோப்பாவில் சண்டை நடந்த காலத்தில், பதுளை வண்டிப்பேட்டையில் ஒரு புண்ணாக்கு மூட்டையின் மேல் ஏறி நின்று இதை நானே நிரூபித்தேன்.

அப்போது நான் மீசை முளைத்த மேதாவி. அப்பாவுக்குக் கடைவீதியில் துணிக்கடை. எனக்கோ துணி கிழிப்பதைவிடச் செய்யுள் கிழிப்பதில்தான் ஆசை. ஒரு பண்டிதரிடம் இலக்கணம் படித்துக்கொண்டிருந்தேன். (பண்டிதர் ஊரை விட்டே போய்விட்டார். காரணம் நான் இல்லை என்று இன்றும் நம்புகிறேன்.)

அந்தக் காலத்தில் ரயில் பதுளைக்கு வராது, பண்டாரவளையோடு நின்றுவிடும். பசறைப் பக்கத்துத் தோட்டங்களின் ரப்பர் எங்கள் பேட்டைக்கு வந்து, மாட்டு வண்டியில் ஏறி, மலைப்பாதையில் பண்டாரவளை போய், அங்கிருந்து கொழும்புத் துறைமுகம் சேரும். கடலே இல்லாத எங்கள் ஊருக்கு அந்தப் பேட்டைதான் துறைமுகம். சண்டை வந்ததும் அந்த ரப்பரெல்லாம் பட்டாள லாரிகளின் சக்கரத்துக்கு என்று ஆகிவிட்டது.

பேட்டையில் இரண்டு வண்டி வைத்திருந்தவர் மீரா நானா. (எங்கள் ஊர் முஸ்லிம்கள் அண்ணனை நானா என்பார்கள்.) அவருடைய தம்பி கப்பலில் கரி அள்ளிப் போடும் வேலையில் இருந்தவன். பட்டாளச் சாமான் ஏற்றிப் போன அந்தக் கப்பல் கடலில் அடிபட்டு மூழ்கியது. உடல்கூட வரவில்லை. அதன்பிறகு நானா ஒரு முடிவுக்கு வந்தார். சண்டைக்குப் போகும் சாமான் தன் மாட்டின் கழுத்தில் ஏறக்கூடாது. மற்ற வண்டிக்காரர்களிடமும் ஒவ்வொருவராகப் பேசி, எல்லோரையும் சம்மதிக்க வைத்திருந்தார்.

அவருடைய திட்டம் ரொம்பச் சுருக்கம். "மாட்டுக்குக் காலு சரியில்லண்டு சொல்லிட்டு எல்லாரும் ஊட்டுல படுத்துக்குவோம். வேற ஒண்டும் வேணாம்."

கடைக்குத் துணி எடுக்க வந்த இடத்தில் இதை என்னிடம் சொன்னதுதான் அவர் செய்த ஒரே தவறு.

"என்ன நானா இது! கொள்கைக்காகச் செய்கிற காரியத்தில் பொய் சொல்வதா? பயந்தவன் கடைசி நேரத்தில் வண்டியைப் பூட்டிவிட்டால்? நான் வந்து நாலு வார்த்தை பேசுகிறேன்."

"பேச்சு என்னத்துக்கு தம்பி?"

"உணர்ச்சி வேண்டாமா?"

நானா தாடியைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தார். படித்த பிள்ளையிடம் வேண்டாம் என்று சொல்ல அந்த நல்ல மனிதருக்கு வாய் வரவில்லை.

ரப்பர் ஏற்ற வேண்டிய அன்று காலையில், வீட்டில் படுப்பதற்குப் பதில், என் பேச்சைக் கேட்க எல்லா வண்டிக்காரர்களும் பேட்டையில் கூடினார்கள். நான் சரிகை அங்கவஸ்திரம் போட்டுக்கொண்டு (கடையில் எடுத்தது, அப்பாவுக்குத் தெரியாது) மூட்டையில் ஏறினேன். சமர்க்களம், குருதிப்புனல், மறவர் குலம் என்று முழங்கினேன். முன்வரிசையில் நின்ற வண்டிக்காரன் மாரிமுத்து வாயைப் பிளந்து கேட்டான். ஆகா, உருகுகிறான் என்று எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. முடிவில் கையை உயர்த்தி, எல்லோரையும் என்னோடு சேர்ந்து முழங்கச் சொன்னேன்.

"போருக்குச் செல்லோம்! பொதிகளை ஏற்றோம்!"

இலக்கணத்தில் ஒரு குற்றமும் இல்லை. செல்லோம் என்றால் செல்லமாட்டோம். ஏற்றோம் என்றால் ஏற்றமாட்டோம். எதிர்மறை வினைமுற்று. பண்டிதர் கேட்டிருந்தால் கண் கலங்கியிருப்பார்.

ஆனால் கேட்டவர்கள் வண்டிக்காரர்கள். அவர்கள் காதில் விழுந்தது, போருக்குச் செல்வோம், பொதிகளை ஏற்றுவோம். 'நானாவே திட்டத்தை மாத்திட்டாரு போல' என்று நினைத்துக்கொண்டு, அத்தனை பேரும் உற்சாகமாக முழங்கியபடி ஓடிப்போய்ப் பெட்டிகளைத் தூக்கினார்கள். அந்தப் பேட்டையில் அவ்வளவு வேகமாக எவரும் சுமை ஏற்றி நான் பார்த்ததில்லை.

"ஏற்றாதீர்கள்!" என்று கத்தப் போனேன். அதற்குள் ரப்பர் கம்பனித் துரை ஒரு போலீஸ்காரரோடு வந்துவிட்டார். என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"ரொம்ப நல்ல பேச்சு! நீ ரொம்ப நல்ல மனுசன்!"

இந்த இடத்தில் ஒரு வார்த்தை போதும். 'இல்லை துரை, நான் சொன்னது வேறு' என்று சொல்லியிருக்கலாம். போலீஸ்காரரின் பெல்ட்டைப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த இலக்கணம் முழுவதும் தொண்டைக்குள் இறங்கிவிட்டது.

"தேங்க்யூ சார்" என்றேன்.

துரைக்குப் பின்னால் நின்ற மீரா நானா அதைக் கேட்டார். தன் மாடுகளின் கயிற்றை மட்டும் கையில் சுற்றிக்கொண்டு வீட்டுப்பக்கம் நடந்தார்.

கடைக்குத் திரும்பி அங்கவஸ்திரத்தை மடித்து வைப்பதற்குள், மாரிமுத்துவின் மனைவி பேச்சி இடுப்பில் குழந்தையோடு வந்து நின்றாள்.

"எம் புருசனப் பட்டாளத்துல சேரச் சொன்ன சின்ன மொதலாளி யாருங்க? பண்டாரவளையில வண்டிய ஒப்படைச்சிட்டு அப்பிடியே ரயிலேறிக் கொழும்புக்குப் போறேன்னுட்டுப் போயிட்டாரு. இந்தப் பிள்ளைய யாரு பாக்குறது, நீங்களா?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் ஓடினேன்.

ஹாலிஎலை தாண்டி ஏற்றத்தில் வண்டிகளைப் பிடித்தேன். மூச்சு வாங்கியதில் செய்யுள் எதுவும் வரவில்லை. "மாரிமுத்து, போகாதேடா! சண்டைக்கு யாருமே போகவேண்டாம்னுதான் நான் சொன்னேன்."

அவன் மாட்டை நிறுத்தினான். "அப்ப இத மொதல்லயே இப்பிடிச் சொல்லியிருக்கலாமேங்க?"

"சாமானைப் பேட்டைக்கே திருப்பிவிடலாமா?"

"போலீசு பாத்தாச்சு. இனி திருப்பினா யாரு உள்ள போறது? நீங்களா?"

ஒரே நாளில் இரண்டு பேர் அதே கேள்வியைக் கேட்டார்கள். அவன் ரயிலைப் பார்த்ததும் மனம் மாறிவிடுவானோ என்று பயந்து வண்டியில் ஏறி உட்கார்ந்தேன், ரப்பர் பெட்டிகளின் மேல். தெமோதரைக்கு அப்பால் மாடு திணறியபோது, இறங்கித் தோள் கொடுத்து வண்டியையும் தள்ளினேன். சண்டைக்கு எதிராகப் பேசியவன், சண்டைக்குப் போன ரப்பரைப் பண்டாரவளை வரை தள்ளிக்கொண்டு போனேன். மாரிமுத்துவை மட்டும் திருப்பிக் கூட்டிவந்தேன்.

அன்று போகாமல் நின்ற வண்டிகள் நானாவுடைய இரண்டும்தான். கம்பனி அவருக்கு வேலை தருவதை நிறுத்தியது. அவர் வெலிமடைக்குப் போய்க் காய்கறி ஏற்றிப் பிழைத்தார். பல நாள் அவர் வீட்டு வழியாகப் போகாமல் சுற்றிப் போனேன். கடைசியில் ஒருநாள் போனேன். மாட்டுக்குக் கழுத்தில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சிருங்க நானா."

"நீங்க பேசாம இருந்தா அம்புட்டு வண்டியும் நிண்டிருக்கும் தம்பி" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். திட்டியிருந்தால் அன்றிரவு தூங்கியிருப்பேன்.

சண்டை முடிந்தபின் அவர் மகளுக்குக் கலியாணம். என்னையும் அழைத்தார். வாசலில் நிறுத்தித் தோளில் கை வைத்தார். "வாங்க, இரிங்க, சாப்புடுங்க. இது மூணையும் மட்டும் சொல்லுங்க தம்பி. நாலாவது வேணாம்." பக்கத்தில் நின்ற மாரிமுத்து சிரித்த சிரிப்பு பந்தல் முழுக்கக் கேட்டது.

அந்தக் கட்டளை எப்படியோ என் வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. விருந்தாளி வந்து நான் வாயைத் திறந்தால் போதும், அடுப்படியிலிருந்து என் மனைவி கணக்கு வைக்க ஆரம்பிக்கிறாள். "மூணு ஆச்சுங்க!"