சுண்ணாம்புக்கு மட்டும்

“எம்பட மச்சினன் ராகிக் கடைக்கு மட்டும் அளக்கறதுக்குப் பழைய வள்ளமே இருக்கட்டும் மாப்ளே. இல்லாட்டி நான் அந்தப் பக்கம் போயிர்றேன்” என்றார் சின்னண்ணன். பஞ்சாயத்து போர்டு வாசலில் அவருக்கு ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே.

ஓமலூர்ப் பக்கத்து அந்த ஊரில் தேர்தல் முடிந்து மூன்று மாதம். ஏழு இடங்களில் கைலாசத்தின் கட்சிக்கு மூன்று. எதிர்க்கட்சிக்குத் தானிய மண்டி வெள்ளியங்கிரியையும் சேர்த்து மூன்று. ஏழாவது ஆள் சின்னண்ணன். அவர் கை கொடுத்துத்தான் கைலாசம் தலைவரானார்.

ஓட்டுக் கேட்டபோது கைலாசம் சொன்னது ஒன்றுதான். சந்தை வியாபாரிகள் பெரிய வள்ளத்தால் அளந்து வாங்கி, சின்ன வள்ளத்தால் அளந்து விற்பது இனி நடக்காது. எல்லோருக்கும் முத்திரை குத்திய ஒரே வள்ளம். இன்று போர்டில் அந்தத் தீர்மானம்தான்.

“சரி மாமா, ராகிக்கு வேண்டாம்” என்றார் கைலாசம்.

சொந்தக் கட்சிக் கந்தப்பன் எகிறினார். “அவரு மச்சினனுக்கு உண்டு, எங்கண்ணன் நெல்லுக் கடைக்கு இல்லீங்களா?”

கைலாசம் நெல்லையும் விட்டார். உடனே அதே கட்சிப் பொன்னன் கம்புக்காக எழுந்து நின்றார். கம்பு போனது. கொள்ளு போனது. நிலக்கடலையும் போனது. கடைசியில் முத்திரை வள்ளத்துக்கு மிஞ்சியது சுண்ணாம்பு.

யார் எப்படி ஓட்டுப் போட்டார் என்று தெரியாமல் சீட்டில் எழுதிப் போடுவதாக ஏற்பாடு. சின்னண்ணன் காதோரம் வந்தார்.

“எங்க பங்காளி சுண்ணாம்புக் காளவாய் வெச்சிருக்கறான் மாப்ளே. தீர்மானம் செயிச்சா உங்க நாற்காலிக்கு நான் பொறுப்பில்லை.”

நாற்காலி இருந்தால் அடுத்த வருஷமாவது கொண்டுவரலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கைலாசம் ‘வேண்டாம்’ என்று எழுதி மடித்துப் போட்டார்.

குமாஸ்தா பிரித்து எண்ணினார். வேண்டாம், ஆறு. வேண்டும், ஒன்று.

கைலாசம் தலை நிமிராமல் வெளியே வந்தார். நிலக்கடலை மூட்டையோடு மாரியாயி காத்திருந்தாள். சந்தைக்குச் சந்தை அளவில் ஏமாந்தவள்; அவருக்காக வீடு வீடாக ஓட்டுக் கேட்டு நடந்தவள்.

“என்னாச்சுங்க சாமி?”

“தோத்துப்போச்சு. ஒரே ஓட்டுத்தான் விழுந்துது.”

மாரியாயி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கும்பிட்டாள். “அந்த ஒண்ணு யாருதுன்னு எனக்குத் தெரியாதுங்களா? உங்க ஒருத்தருக்காச்சும் மனசு இருக்குதே, போதுமுங்க.”

கைலாசம் ஆமாம் என்பதுபோல் மெதுவாகத் தலையை ஆட்டினார்.

அவள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போகும்வரை செருப்பை மாட்டிக்கொண்டிருந்த மண்டி வெள்ளியங்கிரி, பக்கத்தில் வந்தார்.

“ஏனுங்க தலைவரே, அந்தச் சீட்டு என்னுதுங்களே. சுண்ணாம்பையாச்சும் நேரா அளக்கட்டும்னு போட்டனுங்க.”