வடிவாம்பாளும் வாலறுந்த வேங்கையின் எட்டாம் பாகமும்

ஒரு காட்டில் புல் இருந்தது, புதர் இருந்தது, ஊற்று இருந்தது, சினிமாக் கொட்டகையும் இருந்தது. மற்றதெல்லாம் இல்லாமல் போனாலும் அந்தக் காட்டு ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்கள். கொட்டகையை ஒரு வாரம் மூடினால் மான்கள் மேய்ச்சலுக்கே போகாது.

கொட்டகையில் ஓடியதெல்லாம் ஒரே படம்தான். ‘வாலறுந்த வேங்கை.’ ஏழு பாகம் வந்துவிட்டது. வேடன் வைத்த பொறியில் வாலைப் பறிகொடுத்த ஒரு வேங்கை, வாலைத் தேடிப் போகிற வழியில் கெட்டவர்களையெல்லாம் அடித்து நொறுக்கும். ஏழு பாகத்திலும் வால் கிடைக்கவில்லை. கிடைத்துவிட்டால் எட்டாம் பாகம் எடுக்க முடியாதே!

இந்தக் கதையைச் சொன்னது வடிவாம்பாள் என்ற கௌதாரி. தன் குஞ்சுகள் புதரை விட்டு ஓடாமல் இருக்க, “அங்கே பொறி இருக்கு, வேங்கைக்கே வால் போச்சு” என்று இட்டுக்கட்டிச் சொன்னாள். புதருக்கு அந்தப் பக்கம் தவளை டாக்கீஸ் முதலாளி கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு பிடி கறையானைக் கொடுத்து, “மிச்சத்தையும் சொல்லுங்கம்மா” என்று சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். கறையான் தீர்ந்தது, கதையும் தீர்ந்தது. படத்தில் பெயர் போடுவதைப் பற்றி அவளும் கேட்கவில்லை, அவரும் பேசவில்லை.

கேட்டிருக்கலாம். ஆனால் வடிவாம்பாளுக்கு அப்போது வேறு கவலை. அவளுக்கு எப்போதும் வேறு கவலைதான். மழை வந்தால் கூடு நனையுமே என்று கவலை. வராவிட்டால் புற்று காய்ந்து கறையான் குறையுமே என்று கவலை. இரண்டும் இல்லாத நாளில், இன்றைக்கு ஏன் ஒன்றுமே தோன்றவில்லை என்று கவலை.

இந்த வருஷத்துக் கவலை மூத்த மகள் செவந்தியின் கல்யாணம். எத்தனையோ வரன் வந்து தட்டிப் போய், கடைசியில் அக்கரைப் புதரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைப் பையன் கருணாகரனை எல்லோருக்கும் பிடித்தது. செவந்திக்கு ரொம்பவே பிடித்தது. பையனுக்கு வேங்கை வசனமெல்லாம் மனப்பாடம். கறையான் வறுவலைக் கொறித்துக்கொண்டே நெஞ்சை நிமிர்த்தி, “வால் போனா என்னடா, வழி இருக்கு!” என்று சொல்லிக் காட்டினான்.

வடிவாம்பாளுக்குப் பூரித்துப் போயிற்று. “அந்த வசனம் நான் சொன்னதுதான் தம்பி. கதையே நான் சொன்னதுதானே!”

மாப்பிள்ளையின் அம்மா மங்களேஸ்வரி தட்டைக் கீழே வைத்தாள்.

“அப்படீங்களா? ஏழு பாகமும் பார்த்திருக்கோம். ஒண்ணுலகூட உங்க பேரைப் பார்த்த ஞாபகம் இல்லையே.”

“அது வந்துங்க, அப்ப நான் கேட்கலை...”

“வெள்ளிக்கிழமை எட்டாம் பாகம் வருது. டைட்டில்ல உங்க பேரு வரட்டும், மறுநாளே தட்டு மாத்திக்கலாம். வரலைன்னா மன்னிச்சுக்குங்க. பொய் பேசுற வீட்டுல நாங்க பொண்ணு எடுக்கிறதில்லை.”

அவர்கள் போனதும் செவந்தி கூட்டுக்குள் போய்ப் படுத்துக்கொண்டாள். வடிவாம்பாளின் கணவர் தலையில் அடித்துக்கொண்டார். “ஏன்டி, வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கக் கூடாதா?”

“நான் சும்மா இருந்திருந்தா படமே வந்திருக்காதுங்க” என்று சொல்லிவிட்டு, வடிவாம்பாள் ஸ்டூடியோவுக்குக் கிளம்பினாள்.

ஸ்டூடியோ வாசலில் நீளமாக வரிசை நின்றது. எல்லோரும் டைட்டிலில் பெயர் கேட்டு வந்தவர்கள். வேங்கை நடையைத் தன்னைப் பார்த்துத்தான் எடுத்தார்கள் என்று ஒரு வாத்து சொல்லிக்கொண்டிருந்தது. வடிவாம்பாளுக்குப் பின்னால் சுந்தரேசன் என்ற முயல் வந்து நின்றது.

“முதல் பாகத்துக்கு இடைவேளை மணி அடிச்சது நான்தாங்க. அந்த மணி இல்லைன்னா படம் ரெண்டா பிரிஞ்சிருக்குமா, சொல்லுங்க?”

வடிவாம்பாள் வரிசையில் ஓர் அடி முன்னால் நகர்ந்தாள். இவ்வளவு பேருக்கு நடுவில் நம்மை நம்புவார்களா என்பதே அவளுக்குப் பெரிய கவலையாக இருந்தது.

உள்ளே மேனேஜர் நாற்காலியில் உலகநாதன் என்ற உடும்பு உட்கார்ந்திருந்தார். முதலாளிகள் எத்தனை பேர் மாறினாலும் அவர் அந்த நாற்காலியை விட்டதில்லை.

“தவளை ஐயாவைப் பார்க்கணுங்க.”

“அவர் சாரைப்பாம்பு பிக்சர்ஸோட இணைஞ்சுட்டாரேம்மா.”

“சரி, அப்ப சாரைப்பாம்பு ஐயாவையாவது...”

“அவர் மயில் மூவீஸோட இணைஞ்சுட்டார். மயில் போன மாசம் சிறுத்தை குழுமத்தோட இணைஞ்சுட்டார்.”

“இணைஞ்சுட்டார்னா என்னங்க அர்த்தம்?”

உலகநாதன் சுவரைக் காட்டினார். ஒரு போட்டோவில் தவளையும் பாம்பும் மாலை போட்டுக்கொண்டு சிரித்தபடி நின்றார்கள். அதற்கு அடுத்த போட்டோவில் பாம்பு மட்டும் இருந்தது, நடுவில் கொஞ்சம் புடைப்பாக.

வடிவாம்பாளுக்கு இறக்கையெல்லாம் சிலிர்த்தது. “அப்ப என் கதை?”

“கதை தவளைகிட்ட இருந்தது. தவளை பாம்புக்குள்ள. பாம்பு மயிலுக்குள்ள. மயில் சிறுத்தை ஐயாவுக்குள்ள. அதனால கதை சிறுத்தை ஐயாவோடது. இதுல என்ன குழப்பம்?”

“என் வாயிலேர்ந்துதானேய்யா வந்தது!”

“வெளியே வந்ததுக்கெல்லாம் பேர் போட முடியுமாம்மா? உள்ளே இருந்தாத்தான் பேர். வேணும்னா நீங்களும் இணைஞ்சுக்கலாம். ஐயா உங்க ரசிகர்தான்.”

பக்கத்து அறையிலிருந்து சிறுத்தையே எழுந்து வந்தது. வடிவாம்பாளைப் பார்த்ததும் அதற்குக் கண் கலங்கிவிட்டது. அது நடிப்பில்லை.

“அந்த அம்மா நீங்கதானா! குட்டியா இருந்தப்ப முதல் பாகத்தைப் பார்த்துட்டு என் வாலை நானே கடிச்சுக்கிட்டவன்மா நான். உங்களை மாதிரி திறமைசாலிங்க வெளியே கஷ்டப்படக் கூடாது. உள்ளே வாங்க.” இப்படிச் சொல்லிவிட்டு வாயைத் திறந்தது.

“இப்ப இணைஞ்சா வெள்ளிக்கிழமை டைட்டில்ல முதல் பேர் உங்களோடதுதான்” என்றார் உலகநாதன். “மாலை போட்ட போட்டோ, பக்கத்துல குத்துவிளக்கு, ‘கதை: அமரர் வடிவாம்பாள்’னு தங்க எழுத்து. கொட்டகையே எழுந்து நிக்கும்.”

வடிவாம்பாளுக்கு ஆசை வரவில்லை என்று சொன்னால் அது பொய். தங்க எழுத்து அவள் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. மங்களேஸ்வரி எழுந்து நிற்பதும் தெரிந்தது. செவந்தி சிரிப்பதும் தெரிந்தது. ஒரு காலைத் தூக்கிச் சிறுத்தையின் கீழ் உதட்டில் வைத்தாள்.

உள்ளே ஒரே சத்தம்.

“பாட்டுக்கு ஐடியா கொடுத்தது நான்!” என்று மயில் அகவியது. “பணம் போட்டது யாரு?” என்று பாம்பு சீறியது. எல்லாவற்றுக்கும் அடியிலிருந்து, கிணற்றுக்குள் பேசுவதுபோல் தவளையின் குரல் கேட்டது. “யாரு, வடிவாம்பாளா? அம்மா, வெளியே என் பேரைப் போடறாங்களா?”

வடிவாம்பாள் வாய்க்குள் எட்டிப் பார்த்தாள். “பெருசா போடறாங்கய்யா” என்றாள். காலை மெதுவாக எடுத்துக்கொண்டாள்.

“என்னம்மா? சீக்கிரம் சொல்லுங்க, தாடை வலிக்குது” என்றது சிறுத்தை, வாயை மூடாமலே.

“இல்லைங்க. நான் உள்ளே போயிட்டா பொண்ணு கல்யாணத்துல பந்தியை யார் பார்க்கறது? எங்க வீட்டுக்காரருக்கு இலை போடக்கூடத் தெரியாது.”

“அப்ப அந்த இடம் காலிதானே?” என்று கேட்டது அவளுக்குப் பின்னாலேயே உள்ளே வந்துவிட்ட முயல். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஒரே தாவு. சிறுத்தை வாயை மூடியது.

வெள்ளிக்கிழமை காடே கொட்டகையில் கூடியது. மங்களேஸ்வரி குடும்பத்தோடு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் வடிவாம்பாள், அவளுக்குப் பக்கத்தில் முகம் வாடிப்போன செவந்தி. திரையில் சிறுத்தை குழுமத்தின் சின்னம் வந்து உறுமியது. அப்புறம் மாலை போட்ட போட்டோ, குத்துவிளக்கு, ‘கதை: அமரர் சுந்தரேசன்’ என்று தங்க எழுத்து. முயல் இரண்டு காதையும் நிமிர்த்திச் சிரித்துக்கொண்டிருந்தது. கொட்டகை எழுந்து நின்றது.

வடிவாம்பாள் இடைவேளை வரை படத்தைப் பார்க்கவேயில்லை. செவந்தியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மணி அடித்ததும் மங்களேஸ்வரியைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“நான் அன்னிக்குப் பொய் சொல்லிட்டேங்க. கதை நான் சொன்னது இல்லை. ஏதோ பெருமைக்கு வாய் தவறி வந்துடுச்சு.”

வாழ்நாளில் அவள் சொன்ன பெரிய பொய் அதுதான். சொல்லும்போது நாக்கு கசந்தது. மங்களேஸ்வரி அப்படியே அவள் இறக்கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்பாடா! இவ்வளவு உண்மையா பேசுற குடும்பம் எங்கே கிடைக்கும்? நாளைக்கே தட்டு மாத்திக்கலாம் சம்பந்தி. ரகசியம் ஒண்ணு சொல்றேன், வெளியே விடாதீங்க. வேங்கைக் கதை போய்ச் சேர்ந்த எங்க மாமனார் வேதாசலம் எழுதினதுன்னு அக்கரைப் புதர் முழுக்கச் சொல்லி வச்சிருக்கோம். கருணாகரனே அப்படித்தான் நம்பிக்கிட்டிருக்கான். நீங்க திடீர்னு ‘நான்தான்’னதும் எனக்கு ஈரக்குலை நடுங்கிப் போச்சு.”

“இப்ப முயல் பேர் வந்திருக்கே?”

“அது கிடக்குது. போனவன் திரும்பி வந்து சாட்சியா சொல்லப் போறான்? உயிரோட இருக்கிறவங்களை நினைச்சாத்தான் பயம்.”

கல்யாணம் ஜோராக நடந்தது. ‘வாலறுந்த வேங்கை தந்த கதாசிரியர் வேதாசலம் அவர்களின் பேரன்’ என்று பத்திரிகையில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டுச் சிறுத்தையே நேரில் வந்துவிட்டது. கூட உலகநாதனும் வந்திருந்தார். சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன் என்று சிறுத்தை எவ்வளவோ சொல்லியும் முதல் வரிசையில் அதன் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

தாலி கட்டி முடிந்ததும் சிறுத்தை எழுந்து வடிவாம்பாளிடம் வந்தது.

“ஒன்பதாம் பாகத்துக்குக் கதை வேணும். அந்த முயலுக்குள்ள ஒண்ணுமே இல்லைம்மா, மணிச் சத்தம்தான் கேட்குது. நீங்கதான் இணைய மாட்டேன்னுட்டீங்க, பத்திரிகையில போட்டிருக்கிற கதாசிரியர் வீட்டு ஆளுங்க இங்கே யாரு?”

வடிவாம்பாள் பாயசவாளியோடு நின்றுகொண்டிருந்தாள். ஒன்பதாம் பாகம் அவள் தலைக்குள் முழுசாகத் தயாராக இருந்தது. வால் எங்கே இருக்கிறது என்றுகூட அவளுக்குத் தெரியும். வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, மங்களேஸ்வரியைக் காட்டினாள்.

“இவங்கதாங்க. அந்த வீட்டுக்கு மூத்த மருமக.”

சிறுத்தைக்கு மறுபடியும் கண் கலங்கியது. “உங்களை மாதிரி ஆளுங்க வெளியே கஷ்டப்படக் கூடாதும்மா” என்று வாயைத் திறந்தது.

மங்களேஸ்வரி, ‘நான் இல்லை’ என்று சொல்ல வாயெடுத்தாள். அக்கரைப் புதரே சுற்றி நின்று பெருமையோடு கைதட்டிக்கொண்டிருந்தது. திரும்பி வடிவாம்பாளைப் பார்த்தாள்.

“போயிட்டு வாங்க சம்பந்தி” என்றாள் வடிவாம்பாள், அடுத்த இலைக்குப் பாயசம் விட்டபடி. “பந்தியை நான் பார்த்துக்கறேன்.”

நீதி: உன் கதைக்கு இன்னொருவர் தன் பெயரைப் போட்டுக்கொண்டால் சண்டைக்குப் போகாதே, அந்த வீட்டில் பெண் கொடு. பெயர் அவர்களுக்கு இருக்கட்டும், மாமியார் இல்லாத வீடு உன் மகளுக்கு.