மாங்காயும் தலைகீழ்க் குடையும்

இந்த வருஷம் மாம்பழத்தை ருசி பார்த்தே தீருவது என்று தெட்சிணாமூர்த்தி சபதம் எடுத்தார். மனைவி குளிக்கப் போயிருந்த நேரமாகப் பார்த்து, கொல்லையில் நின்று, சத்தம் வெளியே வராமல் எடுத்தார். வீரமான சபதம்தான், ஆனாலும் சௌந்தரவல்லிக்குக் காது கூர்மை.

காரைக்காலில் மாம்பழத்துக்கா பஞ்சம்? ஆனி மாசம் வந்தால் தெருவுக்குத் தெரு குவித்து வைத்திருக்கிறார்கள். அவருக்கு அந்தப் பழம் வேண்டாம். கோவில்பத்தில் அவர் வீட்டுக் கொல்லையில், அவர் கண்ணெதிரே வளர்ந்த ஒட்டு மாமரத்தின் பழம்தான் வேண்டும். கன்றாக இருந்தபோது ஒரு புயல் மழையில் தண்ணீர் தேங்கி, இலையெல்லாம் கருகிப்போய், பிடுங்கி எறிய வேண்டியதுதான் என்று இருந்தது. அப்போது சௌந்தரவல்லி பிச்சாண்டவருக்கு நேர்ந்துகொண்டாள். மரம் தழைத்தால் முதல் காய்ப்பில் ஒரு கூடையை மாங்கனித் திருவிழாவில் இறைக்கிறேன் என்று. மரம் தழைத்தது. இந்த வருஷம் காய்த்தும் விட்டது. ஒவ்வொன்றும் உள்ளங்கை கொள்ளாத காய். நாக்கில் ஜலம் ஊறுகிறது, மனுஷன் என்னதான் செய்வார்?

இது போதாதென்று இன்னொரு சோதனை. திருவிழாக் குழுவில் இருக்கும் திருஞானசம்பந்தம் வந்து, ஊர்வலம் முடிந்த சாயங்காலம் மேடையில் ஒரு கால்மணி நேரம் பேசுங்கள் என்று கேட்டுவிட்டார். தலைப்பு: 'மாங்காய்: ஒரு சொல், பல ஊர்'. அரசாங்க அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருக்கும் தெட்சிணாமூர்த்திக்குச் சொல் ஆராய்ச்சி என்றால் சோறு தண்ணி வேண்டாம். இத்தனை வருஷமாக அவர் ஆராய்ச்சியைக் கேட்டது இரண்டே பேர்தான். ஒன்று சௌந்தரவல்லி, இன்னொன்று மின்விசிறி. மின்விசிறி எதிர்த்துப் பேசாது.

"சௌந்தரம், ஹிந்தியில மாங்கான்னா என்ன அர்த்தம் தெரியுமா?"

"தெரிஞ்சு எனக்கு என்ன ஆவப்போவுது? சொல்லுங்க." அவள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"'கேட்டான்'னு அர்த்தம்."

"யாரு கேட்டா?"

"நான் கேட்டேன்னு வச்சிக்கயேன். ஒரே ஒரு பழம்."

"கேட்டான்னுதானே அர்த்தம் சொன்னீங்க? குடுத்தான்னு எங்க இருக்கு?"

அவர் விடவில்லை. அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் அடுத்த அம்பை விட்டார்.

"இந்தோனேசியாவுல சுந்தான்னு ஒரு பாஷை. அதுல மங்கான்னா, 'தயவுசெஞ்சு எடுத்துக்குங்க'ன்னு அர்த்தம். எவ்வளவு பண்பாடு பாரு."

"ரொம்ப மரியாதை தெரிஞ்ச ஊருங்க. அங்க போயி எடுத்துக்குங்க."

"போர்ச்சுகீசுல மங்கான்னா மாம்பழம், சட்டைக் கை, ரெண்டும்."

"அப்படியா? அப்ப உங்க சட்டைக் கையைப் பாத்துக்குங்க. காய் ஒண்ணு குறைஞ்சாலும் மொதல்ல அங்கதான் தேடுவேன்."

"ஜப்பான்ல படக்கதைக்குப் பேரு மங்கா."

"இந்த வீட்டுல தினம் அதுதானே நடக்குது."

"வெள்ளைக்காரன் ஒரு காலத்துல எந்தக் காயில ஊறுகாய் போட்டாலும் அதுக்கு மேங்கோன்னே பேரு வச்சிருக்கான். நம்ம ஊருலேருந்து கப்பல்ல போனது அவ்வளவும் ஊறுகாயாப் போயிருக்கு. அவன் அதுதான் பேருன்னு நெனச்சிட்டான்."

"பாவம், பழத்தைக் கண்ணால பாக்காதவன்." சௌந்தரவல்லி ரசத்தை ஊற்றினாள். "இத்தனை பாஷை சொன்னீங்களே, நம்ம தமிழ்ல மாங்கான்னா இன்னொரு அர்த்தம் உண்டே, மாங்கா மடையன்னு, அதையும் மேடையில சொல்லுவீங்களா?"

தெட்சிணாமூர்த்திக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "ஏண்டி, உலகம் பூராவும் நம்ம சொல்லை வாங்கிக்கிட்டுப் போயிருக்கு. சொல்லை வாங்கினவன் பழத்தையும் தின்னுருக்கான். சொல்லுக்குச் சொந்தக்காரன் நான் ஒருத்தன்தான் வாயைப் பாத்துக்கிட்டு உக்காந்துருக்கேன்!"

"மொத கூடை சாமிக்கு. அதுக்கு முன்னாடி யாரு வாயிலயும் படக் கூடாது. நேர்ந்துகிட்டது நேர்ந்துகிட்டதுதான்."

முடியாது என்று ஒரே போடு. அவருக்கு ஆத்திரத்தில் ரசம் கூட இறங்கவில்லை.

மறுநாள் பைக்கில் அலுவலகம் போகும் வழியில்தான் பொறி தட்டியது. பிச்சாண்டவர் சப்பரத்தில் வரும்போது மாடிகளிலிருந்து மாம்பழத்தை இறைப்பார்கள். கீழே நிற்கிற ஜனம் குடையைத் தலைகீழாக விரித்துப் பிடிக்கும். விழுந்தது பிரசாதம். யார் வேண்டுமானாலும் தின்னலாம். சௌந்தரவல்லி வழக்கமாகப் பழம் இறைப்பது கோயில் தெருவில் அவள் அக்கா உமாமகேஸ்வரி வீட்டு மொட்டை மாடியிலிருந்து. கொடுக்க மாட்டேன் என்கிறவள் எறியத்தானே போகிறாள்? எறிந்தால் கீழேதானே விழும்? நேர்த்திக்கடனும் கெடாது, நாக்கும் வாடாது. சட்டப்படி ஒரு ஓட்டையும் இல்லாத திட்டம். தன் மூளையை நினைத்து அவருக்கே புல்லரித்தது.

ஒரு காரியம் செய்தால் அதை யாரிடமாவது சொல்லாமல் இருக்க அவரால் முடியாது. பக்கத்து வீட்டு காஜா நஜ்முதீனிடம் சொன்னார்.

"அண்ணே, நல்லா யோசிச்சுக்குங்க," என்றார் காஜா. "நம்ம ஊருல குடையோட நின்னு மாங்கா புடிக்கிறவங்களைப் பாத்தா ஜனம் என்ன நினைக்கும்னா..."

"பாய், போர்ச்சுகீசுல மங்கான்னா என்ன தெரியுமா?"

காஜா வாயை மூடிக்கொண்டார். அப்புறம் வீட்டுக்குப் போய் தன் சம்சாரம் அமீர் நிஷாவிடம் திறந்தார். அமீர் நிஷாவின் சமையற்கட்டுக்கும் சௌந்தரவல்லியின் சமையற்கட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அதிலும் ஒரு ஜன்னல்.

காஜா சொல்ல வந்தது தெட்சிணாமூர்த்திக்குத் தெரியாததில்லை. இறைத்த மாங்கனி மடியில் விழுந்தால் பிள்ளை பிறக்கும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை. அதற்காகவே எங்கெங்கிருந்தோ ஜோடி ஜோடியாக வருவார்கள். ஆனால் தலை நரைத்து, மகளைக் கட்டிக்கொடுத்து, ஓய்வுக்குக் காத்திருக்கும் ஒருத்தரை அந்தக் கணக்கில் எவன் சேர்ப்பான்? சுந்தா பாஷை வரைக்கும் போய் வந்தவர், சொந்தத் தெருவை ஒரு எட்டு எட்டிப் பார்க்கவில்லை.

திருவிழா அன்று கோயில் தெருவில் எள் போட இடமில்லை. வெயில் மண்டையைப் பிளக்கிறது. மேளம், சங்கு, 'பிச்சாண்டவா' என்கிற கூச்சல். தெட்சிணாமூர்த்தி உமாமகேஸ்வரி வீட்டு மாடிக்கு நேர் கீழே, கூட்டத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பெரிய கறுப்புக் குடை தலைகீழாக விரிந்திருந்தது. மாடியில் சௌந்தரவல்லி கூடையோடு வந்து நின்றாள். இவர் முகத்தை மறைத்துக்கொண்டார். முகத்தை மறைத்தார், வழுக்கையை மறைக்க மறந்தார்.

சப்பரம் நெருங்கியது. முதல் பழம் வந்தது. தொப்பென்று குடையில். அடுத்தது, அதுவும் குடையில். தெருவெல்லாம் பழம் இங்கும் அங்கும் பறக்கிறது, சௌந்தரவல்லியின் பழம் மட்டும் வீட்டு விலாசம் தெரிந்த மாதிரி அவர் குடைக்கே வருகிறது. குடைக்கம்பி வளைந்தது. வாசனை மூக்கில் ஏறியது. ஆஹா, சொல்லுக்குச் சொந்தக்காரன் ஜெயித்தான்! கூடையைக் கவிழ்த்துத் தட்டிவிட்டு, சௌந்தரவல்லி கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, வாயில் இரண்டு கையையும் குவித்தாள்.

"புள்ளை வரம் வேணும்னு வந்தவங்க எல்லாம் அந்தக் கறுப்புக் குடை மாமாகிட்ட வாங்கிக்குங்க! குடுக்கத்தான் நிக்கிறாரு!"

அடிப்பாவி!

அவர் குடையை மடக்குவதற்குள் கூட்டம் சூழ்ந்துகொண்டது. புதுத் தாலியும் பழைய தாலியுமாகப் பெண்கள் முந்தானையை ஏந்துகிறார்கள். புருஷன்மார்கள் கைகூப்புகிறார்கள். "எங்களுக்கு ஒண்ணு குடுங்க மாமா." "ஐயா, நாங்க கும்பகோணத்துலேருந்து வர்றோம்." எப்படி இல்லை என்பார்? 'தயவுசெய்து எடுத்துக்கொள்ளுங்கள்' என்பதற்குச் சுந்தா பாஷையில் என்ன என்று அந்த நேரம் அவருக்கு ஞாபகம் வந்து தொலைத்தது.

கிளிஞ்சல்மேட்டிலிருந்து வந்த ஒரு பெண் எதுவும் கேட்கவில்லை. மடியை ஏந்தினாள், கண் மட்டும் நிறைந்து நின்றது. தெட்சிணாமூர்த்திக்கு நெஞ்சு இளகிவிட்டது. இருப்பதிலேயே பெரிய பழமாகப் பொறுக்கி அவள் மடியில் வைத்து, "நல்லா இரும்மா" என்றார். மனசாரத்தான் சொன்னார். அதற்கு அடுத்த நிமிஷமே, இப்படி மனசாரச் சொல்ல வைத்துவிட்டாளே என்று மாடியைப் பார்த்து முறைத்தார்.

கடைசியில் குடையில் ஒரே ஒரு பழம் மிச்சம். சுற்றுமுற்றும் பார்த்து அதை மெல்லச் சட்டைக்குள் விட்டார்.

"ஏங்க," என்றார் பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "உங்களுக்குமா? இந்த வயசுலயா?"

தெருவே சிரித்தது. தவில்காரர் கூட ஒரு அடி தப்பினார். தெட்சிணாமூர்த்தி அந்தப் பழத்தை எடுத்து அந்தப் பெரியவர் கையிலேயே திணித்துவிட்டு நடையைக் கட்டினார். தெருமுனையில் காஜா நஜ்முதீன் நின்றார்.

"நான்தான் அன்னைக்கே சொல்ல வந்தேனே அண்ணே. நீங்கதான் போர்ச்சுகல் போயிட்டீங்க."

வீடு போய்ச் சேருவதற்குள் புதுச்சேரியிலிருந்து மகள் சுகிர்தா போன் செய்துவிட்டாள். யாரோ படம் பிடித்து அனுப்பியிருக்கிறார்கள்.

"அப்பா, எனக்குத் தம்பியா, தங்கச்சியா? இப்பவே சொல்லிடுங்க."

சாயங்காலம் மேடை ஏறியபோது பந்தலில் நல்ல கூட்டம். சொல் ஆராய்ச்சிக்கு இவ்வளவு ஜனமா என்று திருஞானசம்பந்தமே அசந்துபோனார். ஜனம் குடை மாமாவைப் பார்க்க வந்திருந்தது. தெட்சிணாமூர்த்தி தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். நம் மாங்காய், மலாய்க்காரனிடம் மங்கா ஆனது, போர்ச்சுகீசியன் வாங்கிக்கொண்டு போனது, ஆங்கிலேயன் மேங்கோ ஆக்கியது, பிரெஞ்சுக்காரன் மாங்க் ஆக்கியது. ஜப்பான்காரன் மங்காவும் ஹிந்திக்காரன் மாங்காவும் வேறு வேர், வேறு பிறவி, ஓசைதான் ஒன்று. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

"ஹிந்தியில் மாங்கா என்றால், 'கேட்டான்' என்று பொருள்."

"கேட்டவருக்குக் கெடைச்சுதா சார்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

பந்தல் குலுங்கியது. அவர் ஒரு வாய் தண்ணீர் குடித்தார். "தமிழில் இதற்கு இன்னொரு பொருளும் உண்டு. அதை இங்கே விளக்க வேண்டிய அவசியமில்லை" என்று முடித்துக்கொண்டார். அன்றைக்கு விழுந்த கைதட்டல் அதற்குத்தான்.

கீழே இறங்கினால், முதல் வரிசையில் சௌந்தரவல்லி. மடியில் ஒரு டிபன் டப்பா. கம்மென்று மாம்பழ வாசனை. தெட்சிணாமூர்த்திக்குக் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"என்ன சௌந்தரம் அது?"

"நம்ம மரத்துப் பழந்தாங்க. ஒரு கூடைதானே சாமிக்கு நேர்ந்துகிட்டேன்? மிச்சம் நாலை அரிசி டிரம்முக்குள்ள பழுக்க வச்சிருந்தேன். சாமிக்கு இறைச்சாச்சு, இனிமே சாப்புடலாம்னு மத்தியானம் எடுத்தேன். தேனுங்க! எனக்கு ஒண்ணு, அக்காவுக்கு ஒண்ணு, அமீர் நிஷாவுக்கு ஒண்ணு, உங்களுக்கு ஒண்ணு."

கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த அரிசி டிரம்மை அவர் திறந்து பார்த்ததே இல்லை. டப்பாவை வாங்கித் திறந்தார். உள்ளே அவள் நன்றாகச் சப்பிய கொட்டை ஒன்று, நடுவதற்காக எடுத்து வைக்கப்பட்டிருந்தது.

"என் பழம் எங்கடி?"

"நீங்கதான் குடை நெறைய வாங்கிட்டீங்களே, இன்னும் எதுக்குன்னு உங்களுதையும் அமீர் நிஷாவுக்கே குடுத்துட்டேங்க!"